ஜாதிக்காய்க் கன்றுக்கு ஏசி போட்டவன்

நான் ஒரு ஜாதிக்காய்க் கன்றை ஏசி அறையில் மூன்று நாள் வைத்துப் பூட்டியவன். ஏசி மட்டும் போதாதென்று, ஒரு மேசை விசிறியையும் அதன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன். செடிக்கு முகம் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது. நாலாம் நாள் காலை கதவைத் திறந்தபோது தொட்டியில் ஒரு குச்சி நின்றுகொண்டிருந்தது. இலையெல்லாம் தரையில் கிடந்தது. விசிறி மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது.

இதை இப்போது சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆரணிக்கு ஆந்திரா பக்கமிருந்து ஒரு நர்சரி வண்டி வருகிறது. ரம்புட்டான், மங்குஸ்தான், ஜாதிக்காய் என்று ஸ்பீக்கரில் கூவிக்கொண்டே தெருத்தெருவாகப் போகிறது. எல்லாம் மலையடிவாரத்தில் மழையில் நனைந்துகொண்டே வளர்கிற சாதிகள். நம் ஊரோ துண்டைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடுகிற ஊர். ஆனாலும் ஜனங்கள் வாங்குகிறார்கள். வாங்கின கையோடு என் வீட்டுக்கு வந்து, கம்பெனியில் தோட்ட வேலை பார்த்தவர்தானே, இதை எப்படி வளர்ப்பது என்று கேட்கிறார்கள். நானும் கன்றை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொல்லி அனுப்புகிறேன். பாவம், செடிகள். அவை சாவதற்குள் உண்மையை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் விருப்ப ஓய்வு வாங்கி வந்தது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் கம்பெனியிலிருந்து. சேர்ந்தது தோட்டத்தில் அல்ல, பாய்லர் ஹவுஸில், ஹெல்பராக. சாம்பல் டிராலி தள்ளுகிற வேலை. ஒருநாள் ஸ்டீம் பைப்பில் முழங்கையை வைத்துவிட்டேன். தோல் அந்தப் பைப்பிலேயே தங்கிவிட்டது. அடுத்த வருஷம் இடுப்பு போனது. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வாங்கிப் படித்த கம்பெனி, நன்றாக யோசித்து என்னைத் தோட்டத்துக்கு அனுப்பியது. தோட்டத்தில் குனிவதும் தூக்குவதும் தவிர வேறு என்ன வேலை இருக்கிறது என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாம்பலுக்கு மண் தேவலாம்.

பயிற்சியும் நடந்தது. முதல் நாள் ஹோஸ் பைப்பைக் காட்டினார்கள். இரண்டாம் நாள் அதை மாட்டுகிற குழாயைக் காட்டினார்கள். மூன்றாம் நாள் நான் தோட்டக்காரன்.

தோட்டத்துக்கு அதிகாரி கிரேஸ் மேடம். பொன்னேரி பக்கத்துக்காரர். அவர் அப்பா கூலிக்கு நாற்று நட்டவர். மேடம் விவசாயம் படித்துவிட்டு வந்தவர். "எங்கப்பா நட்டது அடுத்தவன் நெலத்துல, நான் நடறது கம்பெனி நெலத்துல, அவ்ளோதான் முன்னேற்றம்" என்பார். சிரிக்காமல் சொல்வதால் நாங்களும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்போம். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஆனால் எல்லோரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். அந்த 'நீங்க'வுக்குப் பயந்தவர்கள் பல பேர்.

அவர் திட்டியதே இல்லை. தொட்டிக்குப் பக்கத்தில் வந்து, ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரைக்கும் மண்ணுக்குள் விடுவார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பார். டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு விரலை உருவி என் மூக்குக்கு நேராக நீட்டுவார். மண் ஒட்டியிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஒட்டாவிட்டால் காய்ந்திருக்கிறது. என் தொட்டிகளில் விட்டு எடுத்த விரலில் எப்போதும் சேறு வழியும். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு ரிஜிஸ்டர் வைத்திருந்தார். ஒவ்வொரு செடிக்கும் ஆஸ்பத்திரி நோயாளிபோல நம்பர், இடம், இலை, ஈரம், குறிப்பு. குறிப்பில் நான் தினமும் 'நலம்' என்று எழுதிவந்தேன். நலம் என்பது கடிதாசியில் எழுதுவது, இங்கே எத்தனை இலை, என்ன நிறம் என்று எழுதுங்கள் என்றார். 'செத்துவிட்டது' என்று எழுதும் உரிமை எனக்குக் கிடையாது. அதற்கு மேடம் வந்து, கட்டைவிரல் நகத்தால் தண்டைக் கீறிப் பார்க்க வேண்டும். தோலுக்குக் கீழே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் நகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரே எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

இப்படி நாள் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் பிளான்ட் ஹெட்டாக தங்கராஜ் சார் வந்தார். குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். அவர் சத்தம் போட்டால் வாசல் செக்யூரிட்டி எழுந்து நிற்பான், எதற்கென்று தெரியாமலேயே. ஆனால் சாயங்காலமானால் குவார்ட்டர்ஸ் பங்களாவின் தோட்டத்தில் முண்டா பனியனோடு நின்று செடிகளிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார். ஊருக்குப் போய்விட்டு வரும்போது ஐந்து கன்று கொண்டுவந்தார். ரம்புட்டான், மங்குஸ்தான், கோகோ, ஆந்தூரியம், ஜாதிக்காய். அவர் ஊர் வீட்டைச் சுற்றி இருப்பதெல்லாம் கும்மிடிப்பூண்டி வீட்டைச் சுற்றியும் இருக்க வேண்டும். ஐந்தையும் பெரிய தொட்டிகளில் வைத்து என்னிடம் ஒப்படைத்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. காலையில் தண்ணீர், நாஷ்டா முடிந்ததும் தண்ணீர், மத்தியானம் பாவம் என்று கொஞ்சம், வீட்டுக்குக் கிளம்பும்போது விடைபெறுகிற முறையில் கொஞ்சம். மழைக்காட்டுச் செடியல்லவா. இருந்தும் ரம்புட்டான் பங்குனியில் போனது. வெயில் என்றேன். மங்குஸ்தான் போனது. உப்புக் காற்று என்றேன். கோகோ போனபோது தொழிற்பேட்டைப் புகை என்றேன். ஆந்தூரியத்துக்குக் காரணம் கிடைக்கவில்லை, கண் திருஷ்டி என்றேன். ஒவ்வொரு தடவையும் மேடம் கீறிப் பார்த்தார், எழுதினார், கையெழுத்துப் போட்டார்.

தங்கராஜ் சார் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். ஆச்சரியமாக, சத்தம் போடவில்லை. ஜாதிக்காயும் போய்விட்டால் தோட்டத்தைக் கான்ட்ராக்டுக்கு விட்டுவிடுவதாகவும், ஏழுமலை பழையபடி பாய்லர் ஹவுஸுக்கே போகலாம் என்றும் சொன்னார். ஏழுமலை நான்தான். என் இடுப்பு அந்த இடத்திலேயே ஒரு தடவை வலித்துக் காட்டியது.

அப்போது சித்திரை முடிகிற நேரம். ஜாதிக்காய் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியிருந்தது. எங்கள் ஊர் குளுகுளுவென்று இருக்கும் என்று தங்கராஜ் சார் அடிக்கடி சொல்வது ஞாபகம் வந்தது. கம்பெனியில் குளுகுளுவென்று இருக்கிற ஒரே இடம் ரப்பர் துண்டுகளைச் சோதிக்கிற லேப். மூன்று நாள் லீவு வந்தது, தங்கராஜ் சாரும் ஊருக்குப் போயிருந்தார். லேப்காரரிடம் கெஞ்சிச் சாவி வாங்கினேன். அதற்கப்புறம் நடந்ததை மேலே எழுதிவிட்டேன்.

மேடம் வந்து குச்சியைப் பார்த்தார். தரையில் கிடந்த இலையில் ஒன்றை எடுத்து விரலால் நொறுக்கினார். அப்பளம்போல உடைந்தது. பிறகு நகத்தால் தண்டைக் கீறினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பச்சை இருக்கு," என்றார். "ஏழுமலை, ஏசி ரூம்ல ஒக்காந்தா உங்களுக்கு ஒதடு காயுமா காயாதா?"

"காயும் மேடம்."

"அதுக்கும் காயும். அதுக்குக் குளிரு வேணாம். காத்துல ஈரம் வேணும்."

கம்பெனிக்குள் காற்று எங்கே ஈரமாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். அதற்கு ஒரு முறையும் சொல்லிக் கொடுத்தார். கேன்டீனிலிருந்து பத்து துண்டு வாங்கி, ஒரே பக்கெட்டில் நனைத்து, ஒரே மாதிரி பிழிந்து, பத்து இடத்தில் கட்ட வேண்டும். எது கடைசியில் காய்கிறதோ அந்த இடம். நான் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்து ஷிப்டு முழுக்கச் சிரித்தது. கொடிநாளா என்று கேட்டார்கள். கேன்டீன் துண்டு அரை மணியில் காய்ந்தது. ஸ்டோர் பக்கத்துத் துண்டு ஒரு மணி. டாய்லெட் துண்டை யாரோ எடுத்துப் பயன்படுத்திவிட்டார்கள். ரப்பரை வேகவைக்கிற செக்‌ஷனுக்குப் பின்சுவரில் கட்டினது மட்டும் சாயங்காலம் வரைக்கும் சொட்டச் சொட்ட இருந்தது.

அங்கே ஸ்டீம் லைனில் ஒரு வால்வு லீக். உஸ்ஸென்று ஆவி கசிந்து, சுவர் முழுக்கப் படிந்து, சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. சுவரில் பாசி. மேலே ஷெட்டின் நிழல். ஐந்தடி இடத்துக்குக் குலசேகரம் வந்து குடியேறியிருந்தது.

லைன் சூடு என்பதால் முன்னால் மஞ்சள் சங்கிலி கட்டியிருந்தார்கள். எனக்கு முழங்கை ஞாபகம் வந்து கால் நகரவில்லை. கையுறை போட்டுத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தது மெயின்டனன்ஸ் பிட்டர் சீனு. ஆரம்பாக்கத்துக்காரன். அப்பனையும் மகனையும் ஒரேமாதிரி 'நைனா' என்று கூப்பிடுகிறவன். அதற்கப்புறம் நான் தினமும் காலையில் போய், சங்கிலிக்கு வெளியே பத்தடி தள்ளி நின்று, செடியை நலம் விசாரித்துவிட்டு வந்துவிடுவேன். சுவரில் வடிகிற சொட்டே அதற்குத் தண்ணீர்.

இருபது நாளில் குச்சியின் நுனியில் ஒரு பச்சைமுனை வந்தது. ரிஜிஸ்டரில் 'இலை: கால்' என்று எழுதினேன். மேடம் அதை அடித்துத் திருத்தவில்லை.

குச்சியைப் பின்சுவருக்குக் கொண்டுபோன அன்றைக்கே இரண்டு சிக்கல் வந்திருந்தது. ஒன்று, பங்களாவில் ஜாதிக்காய் இருந்த இடம் காலி. குச்சியாகிப்போனதைத் தங்கராஜ் சாரிடம் சொன்னால் கான்ட்ராக்ட். மேடத்தைக் கேட்காமல் நானே ஒரு காரியம் செய்தேன். வேலி ஓரத்தில் தானாக முளைத்திருந்த நாவல் கன்று ஒன்றைப் பெயர்த்து, அதேபோன்ற தொட்டியில் வைத்து, அதே இடத்தில் நிறுத்தினேன். அதுவும் பளபளவென்றுதான் இருந்தது. பிறகு மேடத்திடம் சொன்னேன். அவர் ரிஜிஸ்டரைத் திறந்து, 'ஐந்து: ஜாதிக்காய், பின்சுவர். ஐந்து-அ: நாவல், பங்களா' என்று எழுதினார். பொய்யை எழுத மாட்டார். அந்த ரிஜிஸ்டரை வேறு யாரும் படிக்க மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

இரண்டாவது சிக்கல் லீக்கேதான். எங்கள் கம்பெனியில் எங்கே லீக் இருந்தாலும் அதில் ஒரு சிவப்பு அட்டை தொங்கவிட வேண்டும். அட்டையில் தேதி இருக்கும். பதினைந்து நாளுக்குள் அடைக்க வேண்டும். பாய்லர் ஹவுஸில் இருந்தபோது லீக்கைப் பார்த்தால் ஓடிப்போய் முதலில் சொல்கிறவன் நான். இப்போது சீனுவின் காலைப் பிடிக்காத குறை.

"இன்னா நைனா, எனுக்கு வேல லீக்க அடைக்கிறதா, செடிக்கு வெந்நீர் வெக்கிறதா?" என்றான்.

"அடைச்சா என் இடுப்பு போயிடும்டா சீனு."

"ஒன் இடுப்புக்கும் என் வால்வுக்கும் இன்னா சம்மந்தம்?"

சம்பந்தத்தை விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, பெரிய பேஜாரு பண்றியே என்று தலையைச் சொறிந்தான். ஆனால் நல்லவன். பதினைந்து நாளுக்கு ஒருதரம் பழைய அட்டையைக் கழற்றிவிட்டுப் புதுத் தேதி போட்டுப் புது அட்டை மாட்டினான். அந்த லீக் எப்போது பார்த்தாலும் போன வாரம்தான் பிறந்தது. பதிலுக்கு நான் அவன் வீட்டுக்குத் தினமும் ஒரு கட்டு கறிவேப்பிலை. அவன் பெண்டாட்டிக்கு ஒருகட்டத்தில் சந்தேகமே வந்துவிட்டது.

இப்படியே ஒன்பது மாசம். ஜாதிக்காய் என் இடுப்பு உயரத்துக்கு வந்தது. கரும்பச்சையாக, எண்ணெய் தேய்த்த மாதிரி இலை. பங்களாவில் தங்கராஜ் சார் தினமும் சாயங்காலம் நாவல் பக்கத்தில் நின்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போவேன்.

அப்புறம் எனர்ஜி ஆடிட் வந்தது. எங்கே ஆவி வீணாகிறது என்று பார்க்க வெளியிலிருந்து இரண்டு பேர், காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு வந்தார்கள். சத்தத்தை வைத்தே லீக்கைப் பிடிக்கிற கருவி. தங்கராஜ் சார் கூடவே நடந்தார். பின்னால் சீனு. விஷயம் கேள்விப்பட்டு மேடமும் நானும் ஓடிப்போய்ப் பின்சுவருக்கு வருவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள்.

ஆடிட்டர் அட்டையைப் படித்தார். பிறகு சுவரைப் பார்த்தார். ஒரு பேனாவை எடுத்துப் பாசிக்குள் குத்தினார். பாதிப் பேனா உள்ளே போனது.

"எட்டு நாள் லீக்குன்னு போட்டிருக்கு. எட்டு நாள்ல இவ்ளோ பாசியா?" என்றார்.

தங்கராஜ் சார் சீனுவைப் பார்த்தார். அவர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. அடுத்து வரப்போகும் சத்தத்துக்குச் சீனு தோளைக் குறுக்கிக்கொண்டான். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். என்னைக் காட்டிக்கொடுக்கவும் அவன் வாயைத் திறக்கவில்லை. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை.

"சார், அந்த லீக்கு என்னுது," என்றேன்.

கம்பெனி வரலாற்றில் ஒரு லீக்குக்கு ஒருவன் சொந்தம் கொண்டாடியது அதுதான் முதல் தடவை. ஆடிட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். தங்கராஜ் சார் என் பக்கம் திரும்பினார். திரும்பும்போதுதான் ஆவிக்கு நடுவில் நின்ற மரத்தைப் பார்த்தார். சங்கிலியைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கில் வைத்தார். அப்படியே நின்றார்.

"அப்போ பங்களால இருக்கிறது..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நாவல்," என்றார். "ஜாதி இலையைக் கசக்கினா மணக்கும். பொறந்ததுலேருந்து மோந்த மணமாக்கும் அது. எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரியும்."

எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை.

"செத்துப்போச்சுன்னு ஒங்க வாயால கேக்க ஒரு பயம். நீங்களும் சொல்லல்ல, நானும் கேக்கல்ல. கேக்காதவரைக்கும் அது சாகல்லதானே."

செக்யூரிட்டியை எழுப்புகிற அந்தத் தொண்டையிலிருந்து அந்தக் குரல் வந்ததை இப்போதும் என்னால் நம்ப முடியவில்லை. நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடிட்டருக்கு மரத்தில் அக்கறை இல்லை. லீக்கை அன்றைக்கே அடைக்கச் சொன்னார். நியாயம்தானே. சீனு மத்தியானத்துக்குள் அடைத்துவிட்டான். உஸ் நின்றதும் அந்த இடமே ஊமையாகிவிட்ட மாதிரி இருந்தது. சீனுவுக்கு வாய்த் திட்டு மட்டும். மெமோ எனக்கு. 'தன் வேலைக்குச் சம்பந்தமில்லாத ஆவியை ஒன்பது மாதம் வைத்திருந்தமைக்காக' என்று எழுதியிருந்தது. இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் தோட்டம் கான்ட்ராக்டுக்குப் போகவில்லை. நானும் சாம்பலுக்குப் போகவில்லை.

மரத்தை அப்படியே வெயிலுக்குக் கொண்டுபோனால் பழைய கதைதான் என்று மேடம் முதலில் ஒரு ஏற்பாடு செய்தார். பங்களாவின் கிழக்கு மூலையில் பெரிய குழி. சுற்றிலும் வட்டமாக வாழை. மேலே பச்சை வலை. அடியில் ஒரு சாண் கனத்துக்குத் தென்னை நாரும் சருகும். வாழை விடுகிற மூச்சே அந்த வட்டத்துக்குள் ஈரமாக நிற்கும் என்றார். நனைந்த துண்டு ஒன்றை உள்ளே கட்டிப் பார்த்தோம். மூன்று மணி நேரம் காயவில்லை. மேடம் தலையசைத்ததும் மரத்தை இறக்கினோம். தங்கராஜ் சார் பனியனோடு வந்து முதல் பிடி மண்ணைப் போட்டார். நாவலையும் தூக்கிப்போட விடவில்லை. அது பக்கத்திலேயே நிற்கட்டும், இத்தனை நாள் பேசியதையெல்லாம் கேட்ட செடி என்றார்.

தண்ணீர் விடுவதை மேடமே பார்த்துக்கொண்டார். மாசம் இரண்டு போயிற்று. மரத்தில் புதுக் கொழுந்து வந்தது. கம்பெனியில் என் மதிப்பு ஏறிவிட்டது. ஏழுமலைக்குக் கைராசி, குச்சியை நட்டாலும் துளிர்க்கும் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். வீட்டு ரோஜா பூக்கவில்லை, ஒரு தடவை வந்து தொட்டுவிட்டுப் போங்கள் என்று இரண்டு பேர் கூப்பிட்டார்கள். நானும் போய்த் தொட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தேன்.

ஒருநாள் மத்தியானம் தோட்டத்து ஷெட்டில் மேடம் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தார். நான் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, எல்லாம் ஒரு கைராசிதான் மேடம், சிலருக்குத்தான் அமைகிறது என்று சொன்னேன். மேடம் பேனாவை மூடி வைத்தார். ரிஜிஸ்டரைப் பின்னால் புரட்டி, கையெழுத்துப் போட்ட நாலு பக்கத்தையும் ஒவ்வொன்றாக எனக்கு நேராகத் திருப்பிக் காட்டினார். ஈரம் என்ற கட்டத்தில் நாலிலும் ஒரே வார்த்தைதான் இருந்தது. சேறு.

"அந்த நாலும் வெயில்ல சாகல, ஏழுமலை. நீங்க ஊத்துன தண்ணில வேரு அழுகிச் செத்துது. இது ஒண்ணு பொழச்சதுக்குக் காரணம், பைப்பு சுடும்னு பயந்துகினு ஒம்போது மாசம் நீங்க கிட்டயே போகல."